அங்கே நீக்கி, இங்கே சேர்த்து

என்னிடம் மனு எழுத வருகிறவர்கள் யாரும் விஷயத்தை நேராகச் சொல்வதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுத வந்தவர், அந்த இருட்டில் தன் மைத்துனன் யார் வீட்டுக்குப் போய்வருகிறான் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். எனக்கும் அவசரம் கிடையாது. ராஜபாளையத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி இறக்கிய தகரத்தின் கீழ் மேசை போட்டு இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைதான். மனு எழுதக் கற்றுக்கொண்டது, அந்தக் கடையில் மை பரவிப்போய்த் தரையில் வீசிய நகல்களைப் பொறுக்கி வாசித்துத்தான்.

பேச்சு என்றால் எனக்கு உயிர். மனுவுக்குள் போட முடியாத பேச்சையெல்லாம் ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பேன். கான்சாபுரத்திலிருந்து வந்த ஒருத்தர் சொன்னார்: "தாயி, எங்க ஊருக்குக் கரண்டு புதுமாப்பிள கணக்கா வருது. ஒரு வாய் காப்பியக் குடிச்சதும் கெளம்பிருது." இறந்துவிட்டதாகப் பதிந்து முதியோர் பணம் நின்றுபோன ஒரு அம்மா, "நான் செத்தது எனக்கே தெரியல தாயி, துட்டி கேக்க ஒருத்தரும் வரலையே" என்றார். இப்படி மூன்று நோட்டு நிறைந்திருக்கிறது.

எழுதி முடித்ததும் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். வாசித்துக் காட்டாமல் ஒரு கையெழுத்தும் வாங்கியதில்லை என்பது என் பெருமை. இன்னொரு பழக்கமும் அப்போது இருந்தது. என் மனுக்கள் எல்லாம் ஒரே வரியில்தான் தொடங்கும்: "மேற்கண்ட முகவரியில் நான் பூர்வீகமாகக் குடியிருந்து வருகிறேன்." பொறுக்கி வாசித்த நகல்களில் அப்படித்தான் இருந்தது, அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை மில் வேலைக்கு வந்து பர்சைத் தொலைத்த பீகார்ப் பையனுக்கும் அதே வரியைத்தான் எழுதியிருக்கிறேன். கை தானாகப் போகும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், எங்கள் தெருவில் இருக்கிற மதினி ஒருத்தி தன் புது மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மதினி என்றால் சொந்தம் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி ஆகிவிட்டவள். அவள் மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். தளவாய்புரத்துக்கு நைட்டித் துணி ஏற்றிப்போன இடத்தில், தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, பழகி, ரிஜிஸ்தர் கல்யாணமும் முடித்துவிட்டான். பெண் இலங்கைத் தமிழர் முகாமில் இருந்து வேலைக்கு வந்துபோனவள். மன்னார்ப் பக்கம் பிறந்து, ஏழு வயதில் அப்பா அம்மாவோடு படகில் வந்து இறங்கியவள். மதினி மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் மருமகள் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

"ஏட்டி, இவ பேர எங்க கார்டுல ஏத்தணும். எழுது" என்றாள் மதினி.

"தாய்வீட்டுக் கார்டுல பேர் நீக்குன தாள் இருக்கா?" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மறுவீட்டு விருந்து ஓய்ந்ததும் நடக்கிற அடுத்த காரியம் இது. தாய்வீட்டு ரேஷன் கார்டில் பெண்ணின் பேரை நீக்க வேண்டும். நீக்கியதற்கு ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாளைக் கொடுத்தால்தான் புருஷன் வீட்டுக் கார்டில் பேர் ஏறும். தாலி ஏறிய நாளை மறந்துவிட்டுப் பேர் ஏறிய நாளை நினைவு வைத்திருக்கிற மாமியார்கள் இங்கே உண்டு.

"எங்களுக்குக் கார்டு இல்லை அக்கா" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "முகாம் பதிவேட்டிலதான் பேர் இருக்கு. அதை வெச்சுத்தான் அரிசியும் காசும் தருவினம்."

"அரிசி தாரான்லா? அப்ப அதுவும் கார்டுதான்" என்றாள் மதினி. "அங்க பேர வெட்டிட்டு வந்தாத்தான் இவ எம் மருமக. அதுவரைக்கும் விருந்தாளி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எந்தப் புத்தகத்தைப் பார்த்து அரிசி அளக்கிறார்களோ அதுதான் தாய்வீட்டுக் கார்டு. அந்தப் பதிவேடு அரிசிக்கு மட்டும் உள்ளதில்லை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வந்த ஒருத்தி இந்த மண்ணில் நிற்பதற்கு இருந்த ஒரே பிடி அதுதான் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு ஒரு மனு எழுதினேன்: திருமணமாகிக் கணவர் வீட்டுக்குக் குடிபோய்விட்டதால் முகாம் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாசத்தில் நீக்கிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு இரண்டாவது மனு, ரேஷன் கார்டில் சேர்ப்பதற்கு. வேறு எந்தக் குடும்ப அட்டையிலும் பெயர் இல்லை என்று எழுதினேன், அது உண்மை. முதல் வரி வழக்கமான வரி. முகாம் தாளை அதோடு இணைக்கவில்லை. பேரை நீக்கியாயிற்று, அவ்வளவுதான் முறை; கார்டே இல்லாத இடத்துத் தாள் இந்த ஆபீசுக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன். எழுதி, வழக்கம்போல ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். "அக்கா, நான் பூர்வீகம் இல்லையே. மன்னார்தானே."

"அது எல்லாருக்கும் போடுறதுட்டி. போடு கையெழுத்த" என்றேன்.

போட்டாள். அழகான, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

கார்டில் பேர் ஏறிய அன்றைக்கு மதினி எனக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். ரேஷன் கார்டை வைத்து ஓட்டுக் கார்டு வந்தது, ஆதார் வந்தது. ஒரு மகள் பிறந்தாள்; இப்போது எட்டாவது படிக்கிறாள். அந்தப் பெண் வீட்டிலேயே மிஷின் போட்டு நைட்டி தைத்தாள். எங்கள் பேச்சே அவளுக்கு வந்துவிட்டது. பயந்தால் மட்டும் "ஆமா" என்பது "ஓம்" என்று வரும். கரப்பான் பூச்சிக்கு "ஓம்", ஆஸ்பத்திரி ஊசிக்கு "ஓம்". தெருவே கேலி செய்யும்.

இலங்கையில் சண்டை ஓய்ந்த பிறகு அவள் அப்பா அம்மா மன்னாருக்கே திரும்பிப் போயிருந்தார்கள். அப்பா அங்கே தவறினார். இவள் போனில் அழுததோடு சரி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. போனில் பேச்சு குழறியது. "ஒரு பதினஞ்சு நாள் போய்ப் பாத்துட்டு வாரேன் அத்தை" என்று மாமியாரிடம் கேட்டாள். மதினி உடனே சரி என்றாள். எல்லாக் கார்டும் இருக்கிறதே, பாஸ்போர்ட் எடுத்தால் ஆயிற்று. பாஸ்போர்ட் படிவத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் அவள் மன்னார் என்றே கொடுத்தாள். மறைக்கிற விஷயம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷர். மோர் வாங்கிக் குடித்தார். "மன்னார்னா இலங்கையாம்மா?" என்று கேட்டார். அவள் "ஓம்" என்றாள். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டிச் சொல்ல மனசு வரவில்லை. வெளிநாட்டுக்காரி பொய்த் தகவல் கொடுத்து இந்திய ஆவணங்கள் பெற்றாள் என்று வழக்குப் பதிவானது. கைது செய்து, முப்பத்தொரு நாள் உள்ளே வைத்து, ஜாமீனில் விட்டார்கள். தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்து. வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில்.

அங்கே ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். சின்ன வயசு, கேட்பதைக் கவனமாகக் கேட்பார். முதல் நாள் நானும் மதினியும் அந்தப் பெண்ணும் அவர் அறையில் உட்கார்ந்திருந்தோம். வக்கீலம்மா ஒரு காகிதத்தைப் புரட்டிவிட்டு, "ஒரு நல்ல விஷயம் இருக்கு. முகாம்ல பதிவு பண்ணியிருக்கிற இலங்கைத் தமிழர்களுக்குச் சட்டத்துல ஒரு விலக்குக் குடுத்திருக்காங்க. விசா இல்லாம வந்தது, தங்குனது, அதுக்கெல்லாம் தண்டனை கிடையாது. உங்க பேரு முகாம் பதிவேட்டுல இருக்குல்ல?" என்றார்.

மதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பதிவேட்டு விவரமெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்ம்மா" என்று பையைத் திறந்தாள். பேர் நீக்கிய தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். லேமினேஷன் போட்டிருந்தாள். கல்யாண போட்டோவோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருந்தாளாம். ஓரம்கூட மடங்கவில்லை.

வக்கீலம்மா அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "இத யாரு கேட்டு வாங்குனது?"

"நாங்கதாம்மா. முறைப்படி" என்றாள் மதினி.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி முகாம் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி நாலு மனு எழுதினேன். எதிலும் அந்த முதல் வரியைப் போடவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, ஒரே பதில்: மனுதாரர் தம் சொந்த வேண்டுகோளின் பேரில் நீக்கப்பட்டவர் என்பதால் மீண்டும் சேர்க்க வழிவகை இல்லை. இனி மிச்சம் இருந்தது வழக்கு ஒன்றுதான். அதில் தப்பினால், தெரியாமல் செய்தவள் என்று சொல்லி மேலே கேட்கலாம். புருஷன் வீட்டில் இருக்க விடச் சொல்லி மன்றாடலாம். தோற்றால் நாட்டைவிட்டு அனுப்பும் உத்தரவுக்குத் தடை எதுவும் இல்லை என்றார் வக்கீலம்மா. மகளின் விஷயத்தை யாரும் கேட்காமலே அவரே சொன்னார்: "தாய் சட்டப்படி இங்க இல்லைன்னு ஆயிட்டா, புள்ள எந்த நாட்டுக்காரிங்கிற கேள்வியும் பொறவு வரும். இப்ப அதத் தொட வேண்டாம்."

அப்புறம் எனக்குச் சம்மன் வந்தது. அரசுத் தரப்பில் சாட்சி. மனு என் எழுத்து என்று நானே வந்து சொல்ல வேண்டும்.

சாட்சிக்கு முதல் நாள் வக்கீலம்மா என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "அக்கா, நான் சொல்லப்போறது இதுதான். அது ஒரு வழக்கமான வரி. கையெழுத்துப் போட்டவங்க அதக் கவனிக்கல, அர்த்தம் தெரியல. நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆமா, இல்ல. கதை வேண்டாம்."

மதினி பக்கத்திலிருந்து சொன்னாள்: "இவ வாய்க்குப் பூட்டுப் போடணும்னா திண்டுக்கல்லுல சொல்லில்லா செய்யணும்."

சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் நாலு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஆமா, இல்லை, ஆமா, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். நீதிபதி ஒரு அம்மா; நிமிர்ந்து பார்த்து, "உட்கார நாற்காலி வேணுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பயம் போய்விட்டது. பயம் போனதுதான் வினை.

அரசு வக்கீல் மனுவைக் காட்டினார். "இந்த எழுத்து உங்களுடையதா?"

"ஆமாய்யா."

"எழுதினதும் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?"

ஆமா என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் எதிரே கனிவாகப் பார்க்கிற ஒரு அம்மா. பக்கவாட்டில் அந்தப் பெண், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு. அவள் எவ்வளவு நல்லவள் என்று சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது.

"வாசிச்சுக் காட்டாம நான் யார்கிட்டயும் கையெழுத்து வாங்குனதில்லைய்யா. இந்தப் புள்ளைக்கும் ஒரு வரி விடாம வாசிச்சேன். அம்புட்டு நேர்மையான புள்ளைய்யா அது. பூர்வீகம்னு வாசிச்சதும், 'அக்கா, நான் பூர்வீகம் இல்லையே, மன்னார்தானே'ன்னு கேட்டுச்சு. நான்தான், எல்லாருக்கும் போடுறது, நீ கையெழுத்துப் போடுன்னு சொன்னேன். தப்பு அம்புட்டும் எம்மேலதான்ம்மா."

கடைசியை நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன். நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. டைப் அடிக்கிற சத்தம் நான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டது. அரசு வக்கீல் காகிதத்தைக் கீழே வைத்தார். "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீலம்மா எழுந்து, அது எல்லா மனுவிலும் வருகிற வரிதானே என்று என்னிடம் கேட்டார். ஆமா என்றேன். அந்த ஆமாவுக்கு இனிமேல் வேலை இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீலம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அக்கா, அவங்களுக்குத் தெரியாதுன்னுதான் நான் சொல்லிக்கிட்டு வந்தேன். தெரியும்னு நீங்க சொல்லிட்டீங்க. தெரிஞ்சு போட்ட கையெழுத்து" என்றார்.

"நெசத்தத்தானம்மா சொன்னேன்."

"நெசந்தான்."

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். "விடுங்கக்கா. நான் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கே, அதே போதும்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. குற்றவாளிதான். ஏற்கெனவே உள்ளே இருந்த முப்பத்தொரு நாளே தண்டனை, அதோடு ஒரு அபராதம். மதினி கோர்ட்டு வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். "தீந்துச்சுல்லா? இனி வீட்டுக்குப் போகலாம்லா?" என்றாள். வக்கீலம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். வழக்கு நடக்கிறவரைதான் அவளை இங்கே வைத்திருக்கக் காரணம் இருந்தது. அது முடிந்துவிட்டது. அனுப்புகிற உத்தரவு வருகிறவரை வெளியூரில் இருக்கிற சிறப்பு முகாமில் காவலில் வைப்பார்கள்.

அங்கிருந்தே அவளைப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். மாற்றுத் துணி எடுக்கப் புருஷன் லோடு ஆட்டோவில் ராஜபாளையத்துக்கு ஓடினான். அவன் வருகிறவரை செத்த நேரம் பெஞ்சில் உட்கார விட்டார்கள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

"அக்கா, அம்மாவப் பாக்கப் பதினஞ்சு நாள்தான் கேட்டேன்" என்றாள். "ஆயுசுக்கும் பாத்துக்கோன்னு தாராங்க."

என் நோட்டில் இதை நான் எழுதவில்லை.

மேல்முறையீட்டுக்கு மனு போட்டு எட்டு மாசம் ஆகிறது. வக்கீலம்மா போன் செய்தால் எடுக்கிறார். சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை புருஷன் மகளைக் கூட்டிக்கொண்டு முகாமில் அவளைப் பார்க்கப் போய்வருகிறான். மன்னாரில் அந்த அம்மா, மகள் வரப்போகிறாள் என்று பக்கத்து வீட்டாரிடம் குழறிக் குழறிச் சொல்கிறாராம். அவருக்கு மட்டும்தான் இதில் சந்தோஷம்.

போன வாரம் மதினி என் மேசைக்கு வந்தாள். தனியாக வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, நேராக விஷயத்தைச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் நேராக விஷயத்தைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"கார்டுல எம் மருமக பேர நீக்கணுமாம். நீக்குனாத்தான் கார்டு ஓடுமாம். எழுது."

எழுதினேன். முகவரி, பொருள், ஐயா. முதல் வரியை விட்டுவிட்டு, என் மருமகளின் பெயரை மேற்படி அட்டையிலிருந்து நீக்கித் தருமாறு என்று ஆரம்பித்தேன். முடித்து, வாசித்துக் காட்டினேன்.

மதினி கேட்டுவிட்டு, "முதல்ல ஒண்ணு வருமே, பூர்வீகமான்னு. அத ஏன் விட்ட?" என்றாள்.

"இப்பல்லாம் அத எழுதுறதில்ல மதினி."

"எனக்கு எழுது. நான் இங்கனக்குள்ளதான் பொறந்தேன், இங்கனதான் சாவேன். எனக்கு அது பொய்யில்லலா?"

இன்னொரு தாள் எடுத்து, அந்த வரியோடு திரும்ப எழுதினேன். வாசித்தேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள்.

"அங்க நீக்குனோம், இங்க சேத்தோம். இப்ப இங்க நீக்குறோம். எங்கட்டி சேக்க?"

தாளை நேராக்கிக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். எதிரே ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டு, பேர் நீக்கிய தாளை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.